ரிசர்வேஷன் சிஸ்டத்துல இருந்து எங்க மோட்டலைத் தூக்கிட்டாங்க, பாக்கியைக் கட்டினா உடனே திரும்பி வருமா?

மோட்டல்_54 (டெக்ஸாஸ்)

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் மச்சானும் டெக்ஸாஸ்ல ஹைவே ஓரமா 54 ரூம் எகானமி மோட்டல் நடத்தறோம், ஒரு பெரிய செயின் பேர்ல, 20 வருஷ அக்ரிமெண்ட், அதுல 7 வருஷம் ஓடிருச்சு. போன வருஷக் கடைசில பாய்லர் போச்சு, அதே சமயம் பக்கத்துல நடந்துட்டிருந்த பைப்லைன் வேலை முடிஞ்சு அந்த ஆளுங்க மொத்தமா காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, கரண்ட் பில், சம்பளம், பேங்க் தவணை எல்லாம் கட்டிட்டுப் பாத்தா ராயல்டிக்கு (செயின் பேரைப் போட்டுக்க மாசாமாசம் கட்டற ஃபீ) கையில காசு இல்ல, அடுத்த மாசம் அடுத்த மாசம்னு தள்ளி அஞ்சு மாசம் ஆயிருச்சு.

முந்தாநேத்து காலையில ஆறு மணிக்கு டெஸ்க்குக்கு வந்தேன். தினமும் அன்னிக்கு வரப்போறவங்க லிஸ்ட்டை பிரிண்ட் எடுப்போம், வாரநாள்ல 15, 18 பேர் இருப்பாங்க. அன்னிக்கு மூணு பேர். மூணும் போன்ல நேரா புக் பண்ணவங்க. செயினோட வெப்சைட்ல எங்க ஊர் பேரைப் போட்டுத் தேடினா அடுத்த எக்ஸிட்ல இருக்கற அதே செயின் ஹோட்டல் வருது, நாங்க வரல. மத்தியானம் வயசான தம்பதி ஒருத்தங்க உள்ள வந்து, உங்க இடத்துல புக் பண்ணோம், வேற ஹோட்டலுக்கு மாத்திட்டோம்னு மெயில் வந்திருக்கு, ஏன்னு கேக்கறாங்க, எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

மச்சான் எப்படியோ பாக்கி 27,000 டாலரைப் புரட்டிட்டாரு. வெள்ளிக்கிழமை வயர் பண்ணிட்டா சனிக்கிழமை சிஸ்டம் வந்துருமா? இல்ல அக்ரிமெண்ட்டே முடிஞ்சு போச்சா? சட்டம் ஏதாவது எங்களைக் காப்பாத்துமா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ராத்திரி தூக்கமே இல்ல.

---

அட்லாண்டா_கணக்கு

தம்பி, மொதல்ல மூச்சு விடுங்க. ஒரே ஒரு கேள்வி. செயின் உங்களுக்கு அனுப்பின லெட்டர்ல டீஃபால்ட் நோட்டீஸ்னு (அக்ரிமெண்ட்டை மீறினதை சரி பண்ணச் சொல்றது) இருக்கா, டெர்மினேஷன்னு (அக்ரிமெண்ட்டையே முடிக்கறது) இருக்கா? ரெண்டும் வேற வேற. என்னிக்கு உங்க கைக்கு வந்துச்சு?

---

மோட்டல்_54

அக்கா, டீஃபால்ட்னுதான் இருக்கு. பணம் கட்ட 10 நாள்னு போட்டிருக்கு. ஆனா லெட்டர் மச்சானோட பழைய வீட்டு அட்ரஸுக்குப் போயிருக்கு, அங்க இப்ப குடியிருக்கறவங்க நல்ல மனுஷங்க, எடுத்துட்டு வந்து கொடுத்தாங்க. அதுக்குள்ள ஆறு நாள் போயிருச்சு. இன்னிக்கு எட்டாவது நாள்.

---

ஹில்கண்ட்ரி_செல்வம்

தம்பி, வெள்ளிக்கிழமை வயர் பண்ணாதீங்க. அதாவது பண்ணுங்க, ஆனா வெறும் 27,000ஐ அனுப்பிட்டு உக்காராதீங்க. இதை நான் அனுபவிச்சுட்டு சொல்றேன்.

2021 பிப்ரவரில டெக்ஸாஸ் முழுக்க உறைஞ்சு கிடந்துச்சே, அதுல எனக்கு மாடி கூரைக்குள்ள இருந்த பைப்பு எல்லாம் வெடிச்சு 19 ரூம் நாசம். இன்ஷூரன்ஸ் காசு இழுத்துக்கிட்டே போச்சு, ராயல்டி நின்னுச்சு, உங்களை மாதிரியே ஒரு நாள் காலையில லிஸ்ட் காலி. நான் என்ன பண்ணேன், ஸ்டேட்மெண்ட்ல இருந்த தொகையை அப்படியே வயர் பண்ணிட்டு ரெண்டு நாள்ல வந்துரும்னு இருந்தேன். வரவே இல்ல, 19 நாள் வரல.

கூப்பிட்டுக் கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு புது காரணம் சொல்றாங்க. மொதல்ல, ஸ்டேட்மெண்ட் போட்ட தேதிக்கு அப்புறம் வட்டி ஏறிருக்கு, அது கட்டல. அதைக் கட்டினேன். அப்புறம் சிஸ்டத்துல திரும்ப சேர்க்கறதுக்கு ரீகனெக்ஷன் ஃபீ தனியாம், அதுவும் கட்டினேன். அப்புறம் இன்ஷூரன்ஸ் சர்டிஃபிகேட்ல அவங்க கம்பெனி பேர் சேக்கல, புதுசு அனுப்பணுமாம். கடைசியா போன இன்ஸ்பெக்ஷன்ல ஃபெயில் ஆன அயிட்டம் ரெண்டு இன்னும் ஓப்பனா இருக்குன்னாங்க, ஒண்ணு லாபி கார்பெட், இன்னொண்ணு பார்க்கிங் லாட் லைட்.

அவங்க பொய் சொல்லல, எல்லாமே அக்ரிமெண்ட்ல இருக்கு. நான்தான் படிக்கல. அந்த க்ளாஸ் என்ன சொல்லுதுன்னா, எந்த டீஃபால்ட்டா இருந்தாலும் ரிசர்வேஷன் சேவையை நிறுத்தலாம், ஏற்கனவே வந்த புக்கிங்கை வேற கிளைக்கு மாத்தலாம், நீங்க எல்லா டீஃபால்ட்டையும் முழுசா சரி பண்ண பிறகு சேவை திரும்ப வரும், அதுக்கு முன்னாடி ரீகனெக்ஷன் ஃபீ கட்டணும். அந்த "எல்லா"ங்கற வார்த்தையைப் பாருங்க தம்பி. லெட்டர்ல இருக்கற டீஃபால்ட் மட்டும் இல்ல, அவங்க ஃபைல்ல இருக்கற அத்தனையும்.

அதனால காசு அனுப்பறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட எழுத்துல ஒரு லெட்டர் வாங்குங்க. இந்தத் தேதி வரைக்கும் வட்டியோட மொத்தம் இவ்வளவு, இது போக இன்னின்ன பேப்பர், இது வந்து இத்தனை வேலை நாளுக்குள்ள சிஸ்டம் ஆன் ஆகும், இந்த டீஃபால்ட் நோட்டீஸ் தீர்ந்ததா எடுத்துக்கறோம். நாலும் ஒரே பேப்பர்ல இருக்கணும். போன்ல சொன்னது எதுவும் நிக்காது, நான் பேசின ஆள் மூணு வாரத்துல வேற டிபார்ட்மெண்ட்டுக்கே போயிட்டாரு.

---

அட்லாண்டா_கணக்கு

செல்வம் அண்ணன் சொன்னதுக்கு மேல கணக்கு சைடுல ஒண்ணு சேக்கறேன், இது யாரும் கவனிக்கறதில்ல. நீங்க ராயல்டின்னு நினைச்சு அனுப்பற காசை அவங்க எந்த பாக்கில வேணா வரவு வெச்சுக்கலாம்னு அனேகமா எல்லா அக்ரிமெண்ட்லயும் இருக்கும். மாசம் 5,400 வீதம் அஞ்சு மாசம் 27,000, சரி. மாசம் 1.5 சதவீதம் வட்டின்னு வெச்சா, மொத மாச பாக்கிக்கு அஞ்சு மாச வட்டி, ரெண்டாவதுக்கு நாலு, இப்படிக் கூட்டினா 15 மாச வட்டி, 81 இன்டு 15, 1,215 டாலர். நீங்க 27,000 அனுப்புவீங்க, அவங்க மொதல்ல வட்டில வரவு வெப்பாங்க, லாயல்டி பாயிண்ட்ஸ் சார்ஜ்ல வெப்பாங்க, கடைசில ராயல்டில ஒரு ஆயிரத்து சொச்சம் குறையும். சிஸ்டத்துல பாத்தா இன்னும் டீஃபால்ட். ஆயிரம் டாலருக்காக ரூம் எல்லாம் காலியா கிடக்கும்.

இன்னொண்ணு, மாசாமாசம் ரெவன்யூ ரிப்போர்ட் அனுப்பியிருக்கீங்களா? காசு கட்ட முடியாத மாசம் பல பேர் வெக்கப்பட்டு ரிப்போர்ட்டும் அனுப்ப மாட்டாங்க. அது தனி டீஃபால்ட் தம்பி. அப்ப அவங்களே ஒரு தொகையை எஸ்டிமேட் பண்ணி பில் போடுவாங்க, அது எப்பவும் நம்ம நிஜ வியாபாரத்தை விட ஜாஸ்தியாத்தான் இருக்கும். காசு இல்லன்னாலும் ரிப்போர்ட் போகணும்.

---

மோட்டல்_54

அக்கா, ரெண்டு மாசம் ரிப்போர்ட் அனுப்பல. நீங்க சொன்ன அதே காரணம்தான். இன்னிக்கே அனுப்பிடறேன்.

---

பழைய_ஃப்ரான்சைஸ்_ஆபீஸ்

நான் எட்டு வருஷம் ஒரு செயினோட கலெக்‌ஷன்ஸ் டிபார்ட்மெண்ட்ல இருந்தேன், அந்தப் பக்கத்தையும் சொல்லணும்னு தோணுது. இந்த ரிசர்வேஷன் சிஸ்டம், விளம்பரம், கால் சென்டர் எல்லாம் எல்லா ஓனரும் போடற காசுல ஓடுது. ஒருத்தர் அஞ்சு மாசம் கட்டாம புக்கிங் மட்டும் வாங்கிட்டிருந்தா அந்தச் செலவு ஒழுங்கா கட்டற மத்த ஓனர் தலையில விழுது. டெர்மினேட் பண்றது எங்களுக்குமே கடைசி வழி, ஒரு போர்டு இறங்கினா அந்த ஊர்ல ஒரு இடம் போச்சு. சஸ்பெண்ட் பண்றது அதுக்கு முன்னாடி இருக்கற படி, பாதிப் பேர் அதுலயே வந்து பேசிருவாங்க.

உள்ள எப்படி நடக்கும்னா, காசு வர்றது ஒரு டிபார்ட்மெண்ட், இன்ஸ்பெக்ஷன் இன்னொண்ணு, இன்ஷூரன்ஸ் பேப்பர் இன்னொண்ணு, சிஸ்டத்தை ஆன் பண்றது டெக்னிக்கல் ஆளுங்க. இந்த நாலும் தானா ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. யாராவது ஒருத்தர் ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சாத்தான் நடக்கும், அதனால உங்களுக்குன்னு இருக்கற ஃப்ரான்சைஸ் சர்வீஸ் ஆளை மெயில்ல காப்பி போட்டுக்கிட்டே இருங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் வயர் பண்ணா திங்கக்கிழமை வரை யாரும் பாக்க மாட்டாங்க. செவ்வாய், புதன் காலையில பண்ணுங்க, ஆனா பத்து நாள் கெடு தாண்டிராம பாத்துக்கங்க. தாண்டும்னா கெடுவை நீட்டிக் கொடுங்கன்னு மொதல்லயே எழுத்துல கேளுங்க, காசு ரெடியா இருக்குன்னு பேங்க் லெட்டர் வெச்சு கேட்டா பெரும்பாலும் கொடுப்போம்.

---

ஹில்கண்ட்ரி_செல்வம்

சார் நீங்க சொல்றது எனக்குப் புரியுது, கட்டாதவன் தப்புதான், நானும் கட்டல. ஆனா ஒரு விஷயத்தை நான் விட மாட்டேன். சிஸ்டம் ஆஃப்ல இருந்த 19 நாளும் வாசல்ல வந்து தங்கினவங்க காசுல எனக்கு ராயல்டி ஓடிட்டுத்தான் இருந்துச்சு, ரிசர்வேஷன் சிஸ்டத்துக்கான சிஸ்டம் ஃபீயும் ஓடுச்சு. அவங்க கொடுக்காத சேவைக்கு நான் எதுக்குக் கட்டணும்? அதுக்கு மேல திரும்ப சேர்க்க தனி ஃபீ. என் புக்கிங்கை 11 மைல் தள்ளி இன்னொரு ஹோட்டலுக்கு மாத்தினீங்க, அந்தக் காசுல அவங்ககிட்டயும் ராயல்டி வாங்கினீங்க. கடன் கட்டாதவன் கையைக் கட்டிப் போட்டுட்டு கட்டுடா கட்டுடான்னா எங்க இருந்து கட்டுவான். ரூம் நிறைஞ்சாத்தானே கட்டுவேன்.

---

பழைய_ஃப்ரான்சைஸ்_ஆபீஸ்

அந்த ஃபீ ஓடற விஷயத்துல நீங்க சொல்றது நியாயம் அண்ணே. நான் இருந்தப்பவே உள்ளுக்குள்ள அதைப் பத்தி சண்டை நடந்திருக்கு. பேசி செட்டில் பண்றப்ப சஸ்பென்ஷன் நாளோட சிஸ்டம் ஃபீயைக் கழிச்சு விடுங்கன்னு கேட்டவங்களுக்குக் கழிச்சிருக்கோம். கேக்காதவங்களுக்குக் கழிச்சதில்ல.

---

ரூட்1_ஓனர் (நியூஜெர்ஸி)

சட்டம் காப்பாத்துமான்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல, நான் எங்க வக்கீல் சொல்லிக் கொடுத்த வரைக்கும் சொல்றேன். அமெரிக்காவுல ஃப்ரான்சைஸ் விக்கறதுக்கு முன்னாடி என்னென்ன சொல்லணும்ங்கறதுக்கு மத்திய விதி இருக்கு, வித்ததுக்கு அப்புறம் எப்படி நடத்தணும்ங்கறது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். எங்க ஊர்ல 1971ல வந்த சட்டம், டெர்மினேட் பண்ண நியாயமான காரணம் வேணும், 60 நாள் நோட்டீஸ் வேணும். கலிஃபோர்னியால 2016 ஜனவரி 1ல இருந்து போட்ட அக்ரிமெண்ட்டுக்கு சரி பண்ண குறைஞ்சது 60 நாள், ஆனா பாக்கி விஷயத்துல மட்டும் நோட்டீஸ் வந்து அஞ்சு நாள்ல கட்டலன்னா அந்த 60 நாள் கிடைக்காது. விஸ்கான்சின்ல 90 நாள் நோட்டீஸ், அங்கயும் காசு பாக்கிக்கு 10 நாள்தான். எங்க பாத்தாலும் காசு விஷயத்துல சட்டம் நம்ம பக்கம் ரொம்ப நேரம் நிக்காது.

டெக்ஸாஸ்ல இந்த மாதிரி சட்டமே கிடையாது தம்பி, உங்களுக்கு அக்ரிமெண்ட்ல எழுதினதுதான். உங்க அக்ரிமெண்ட்ல நியூஜெர்ஸி சட்டம் பொருந்தும்னு போட்டிருக்கலாம், அதைப் பாத்து சந்தோஷப்படாதீங்க, 60 நாள் பாதுகாப்பு ஹோட்டல் நியூஜெர்ஸில இருந்தாத்தான்.

இன்னொரு ஓட்டை இருக்கு. இந்தச் சட்டங்க பேசறது டெர்மினேஷன் பத்தி. ரிசர்வேஷனை ஆஃப் பண்றதைப் பத்தி நேரா ஒரு வார்த்தை இல்ல. அக்ரிமெண்ட் உயிரோட இருக்கு, போர்டு மேல எரியுது, ஆனா ஆள் வர்ற வழி அடைஞ்சிருக்கு. வருமானத்துல பாதி அது வழியா வர்ற எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

---

மோட்டல்_54

அண்ணா, மச்சான் வேற ஒண்ணு சொல்றாரு. பேசாம போர்டை இறக்கிட்டு சொந்தப் பேர்ல நடத்திரலாம், இல்லன்னா திவால் போட்டா எல்லாம் நின்னுரும்னு யாரோ சொன்னாங்களாம். ரெண்டுமே எனக்கு பயமா இருக்கு.

---

ரூட்1_ஓனர் (நியூஜெர்ஸி)

போர்டை இறக்கறதுக்கு முன்னாடி அக்ரிமெண்ட்ல லிக்விடேட்டட் டேமேஜஸ் (பாதில முடிஞ்சா கட்டணும்னு முன்னாடியே எழுதி வெச்ச இழப்பீடு) க்ளாஸைப் படிச்சு மச்சான்கிட்ட காட்டுங்க. சில செயின்ல ரூமுக்கு 2,000 டாலர்னு இருக்கும், அப்ப 54 ரூமுக்கு 1,08,000. சில இடத்துல கடைசி வருஷ சராசரி ஃபீயை 24 மாசத்துக்கோ 36 மாசத்துக்கோ போட்டுப் பெருக்குவாங்க, உங்க 5,400ஐ 36ஆல பெருக்கினா 1,94,400. அது பழைய பாக்கிக்கு மேல. அதோட நீங்களும் மச்சானும் பர்சனல் கேரண்டி கையெழுத்து போட்டிருப்பீங்க, அது வீடு வரைக்கும் வரும். அக்ரிமெண்ட் முடிஞ்ச பிறகு பழைய போர்டை ஒரு வாரம் விட்டு வெச்சா அது தனியா டிரேட்மார்க் கேஸ். ஆசிய அமெரிக்க ஹோட்டல் ஓனர்ஸ் சங்கம் ஆரம்பிச்சது 1989ல, அவங்க நியாயமான ஃப்ரான்சைஸுக்குன்னு வெச்ச 12 அம்சத்துல இந்த டேமேஜஸ் விவகாரமும் இருக்கு, இன்னிக்கு வரை அதுக்குத்தான் மல்லுக்கட்டிட்டிருக்காங்க.

திவால் விஷயம், ஒரே வரில சொன்னா நேரம்தான் எல்லாம். டெர்மினேஷன் அமலுக்கு வர்றதுக்கு முன்னாடி கோர்ட்டுக்குப் போனா, கோர்ட் அனுமதி இல்லாம அவங்களால முடிக்க முடியாது, பாக்கியை சரி பண்ணி அக்ரிமெண்ட்டைத் தொடர வழி இருக்கு. அமலுக்கு வந்த பிறகு போனா செத்த அக்ரிமெண்ட்டை திவால் கோர்ட்டும் எழுப்பித் தராது. உங்களுக்கு 27,000 கையில இருக்கு, எதுக்கு அந்தப் பக்கம் போறீங்க. அப்படியே போறதா இருந்தாலும் வக்கீல் இல்லாம ஒரு அடி வெக்காதீங்க.

---

கார்ப்பெட்_மாத்தினவன்

பேங்க்ல சொல்லிட்டீங்களா? லோன் வாங்கறப்ப செயின் பேங்க்குக்கு கம்ஃபர்ட் லெட்டர்னு ஒண்ணு கொடுத்திருப்பாங்க, நமக்கு டீஃபால்ட் நோட்டீஸ் போனா பேங்க்குக்கும் ஒரு காப்பி போகும், சரி பண்ண பேங்க்குக்குத் தனியா கொஞ்சம் நாள் கிடைக்கும். ஃப்ரான்சைஸ் டீஃபால்ட் ஆனா லோனும் டீஃபால்ட்னு லோன் பேப்பர்லயும் எழுதியிருக்கும். அவங்களுக்கு வேற யார் மூலமாவோ தெரியறதுக்கு முன்னாடி நீங்களே கூப்பிட்டுச் சொல்லிருங்க. என் விஷயத்துல பேங்க் ஆபீஸர் அம்மாதான் செயின்ல பேசி எனக்கு 15 நாள் வாங்கிக் கொடுத்தாங்க.

---

மலைக்கோட்டை_லாட்ஜ்

திருச்சில இருந்து எழுதறேன். எங்களுக்கும் ஒரு வெளிநாட்டு பிராண்ட் ஆஃபர் வந்திருக்கு. இங்க இந்த டேமேஜஸ் எல்லாம் செல்லுமா?

---

ரூட்1_ஓனர் (நியூஜெர்ஸி)

சார், இந்தியாவுல ஃப்ரான்சைஸுக்குன்னு தனிச் சட்டம் இல்ல, 1872 ஒப்பந்தச் சட்டம்தான், அதுல 74வது பிரிவுப்படி எழுதின தொகை உச்ச வரம்பு, அதுக்குள்ள நியாயமான இழப்பீடுதான் கோர்ட் கொடுக்கும். அங்க உள்ள வக்கீலைக் கேட்டுக்கங்க. ஒண்ணே ஒண்ணு, சஸ்பென்ஷன் க்ளாஸ்ல "எழுத்துல நோட்டீஸ் கொடுத்து இத்தனை நாள் கழிச்சு"ன்னு ஒரு வரி கையெழுத்துக்கு முன்னாடியே போட வெச்சிருங்க. அப்ப கேட்டா கொடுப்பாங்க, அப்புறம் கேட்டா கிடைக்காது.

---

ஹில்கண்ட்ரி_செல்வம்

இங்க புதுசா வாங்க நினைக்கறவங்களும் படிச்சிட்டிருப்பீங்க, உங்களுக்கு ஒண்ணு. கையெழுத்துக்கு 14 நாள் முன்னாடி ஒரு தடிமனான டிஸ்க்ளோஷர் புக் கொடுப்பாங்க, 23 அயிட்டம். எல்லாரும் 19வது அயிட்டத்துல வருமானம் எவ்வளவுன்னு பாத்துட்டு மூடிருவாங்க. 6வதுல ரீகனெக்ஷன் ஃபீ, லேட் ஃபீ எல்லாம் சின்ன எழுத்துல இருக்கும். 17வதுல எதெதுக்கு டெர்மினேட் பண்ணலாம், எதுக்கு எத்தனை நாள்னு டேபிளே இருக்கும். 20வதுல போன வருஷம் வெளிய போன ஓனர்களோட பேரும் போன் நம்பரும் இருக்கும், அவங்களைக் கூப்பிடுங்க. நான் ரெண்டாவது ஹோட்டல் வாங்கறப்ப எட்டு பேரைக் கூப்பிட்டேன், மூணு பேர் பேசினாங்க, அந்த மூணு போன் கால்ல எனக்குக் கிடைச்சது எந்த புரோக்கரும் சொல்லல.

அப்புறம் மோட்டல் தம்பிக்கு, உங்களைத் திரும்ப சேர்த்துக்கறதுக்கான ரீஇன்ஸ்டேட்மெண்ட் பேப்பர் வர்றப்ப அதுல ரிலீஸ்னு ஒரு பாரா இருக்கும், இதுவரைக்கும் உங்ககிட்ட எனக்கு எந்தக் குறையும் இல்ல, எதுக்கும் கேஸ் போட மாட்டேன்னு. ஆன் ஆனா போதும்னு கண்ணை மூடிட்டு கையெழுத்து போட்டேன் நான். மாத்தின புக்கிங் பத்தி அப்புறம் வாயே திறக்க முடியல. அதைக் குறைக்கச் சொல்லுங்க. ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டாவது நோட்டீஸ் வந்தா சரி பண்ண டைமே இல்லாம முடிக்கலாம்னும் சில அக்ரிமெண்ட்ல இருக்கு, அதனால இந்த நோட்டீஸ் அந்தக் கணக்குல வருமா வராதான்னும் எழுதி வாங்குங்க.

---

மோட்டல்_54

எல்லாருக்கும் ஒரு அப்டேட், 12 நாள் கழிச்சு எழுதறேன்.

அன்னிக்கே ரெண்டு மாச ரிப்போர்ட் அனுப்பிட்டு, பேங்க் பேலன்ஸ் லெட்டரோட கெடு நீட்டக் கேட்டோம், ஒரு வாரம் கொடுத்தாங்க, எழுத்துல. மொத்தக் கணக்கு கேட்டதுல அக்கா சொன்ன மாதிரியே வட்டியோட 28,215, அது போக ரீகனெக்ஷன் ஃபீ. சஸ்பென்ஷன் நாளுக்கு சிஸ்டம் ஃபீ கழிங்கன்னு கேட்டோம், மொதல்ல முடியாதுன்னாங்க, ரெண்டாவது மெயில்ல கழிச்சாங்க. இன்ஷூரன்ஸ் சர்டிஃபிகேட் காலாவதி ஆகியிருந்துச்சு, நாங்க பாக்கவே இல்ல, ஏஜெண்ட்கிட்ட அன்னிக்கே புதுசு வாங்கினோம். ரிலீஸ் பாராவை இந்த ஒரு டீஃபால்ட்டோட நிறுத்திக்கிட்டாங்க. ரெண்டாவது நோட்டீஸ் கணக்குல இது வரும்னுதான் சொன்னாங்க, அதுல மட்டும் அசையல, அடுத்த வருஷம் இதே தேதி வரைக்கும் ஒரு நாள் தவறக் கூடாது.

புதன்கிழமை காலையில வயர் பண்ணோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெப்சைட்ல எங்க பேர் வந்துச்சு. ஆனா வந்த அன்னிக்கு சிங்கிள் கிங் ரூம் 22ம் சிஸ்டத்துல பூஜ்யம்னு காட்டுச்சு, டபுள் பெட் மட்டும் வித்துச்சு. யாரும் சொல்லலன்னா வாரக்கணக்கா அப்படியே கிடந்திருக்கும். அதனால ஆன் ஆயிருச்சுன்னு சொன்னதும் நம்பாம நீங்களே ஒரு கெஸ்ட் மாதிரி ஒவ்வொரு ரூம் டைப்பும் புக் பண்ணிப் பாருங்க, லாரி கம்பெனி டிஸ்கவுண்ட் ரேட் எல்லாம் திரும்ப ஏறிருக்கான்னு பாருங்க. எங்களுக்கு ரெண்டு ரேட் இன்னும் வரல. மாத்தின புக்கிங் 11 போனது போனதுதான்.

இனிமே தினமும் ராத்திரி கணக்கு முடிக்கறப்ப அடுத்த 90 நாள் புக்கிங்கை பேர், போன் நம்பரோட பிரிண்ட் எடுத்து டெஸ்க் டிராயர்ல வெக்கச் சொல்லியிருக்கேன். நோட்டீஸ் அட்ரஸையும் மோட்டல் அட்ரஸுக்கு மாத்தி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டோம்.

பேங்க்ல சொன்னப்ப ஆபீஸர் மொதல்ல கோவப்பட்டாரு, அப்புறம் கம்ஃபர்ட் லெட்டர் காப்பியை எடுத்துப் பாத்துட்டு திங்கக்கிழமை கூப்பிடறேன்னாரு. அவர் என்ன சொல்றாருன்னு தெரிஞ்சதும் இங்க எழுதறேன்.